எறும்பு மொய்க்கவில்லை, அப்படியானால் எனக்கு இனிப்பு நீர் இல்லைதானே?

வாசகர் கேள்வி-பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இனிப்பு நீரை, அதாவது நீரிழிவைப் பற்றியவை. நீரிழிவுப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற தாதியும் மருந்தாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவை மாற்றுவதாக இருந்தால் முதலில் உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 47. செம்பனையில் குலை வெட்டுகிறேன். தோட்டத்தில் நடந்த இலவசச் சோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 9.2 என்றார்கள். எனக்குக் களைப்பில்லை, தாகமில்லை. இராத்திரியில் எழுந்து போவதும் இல்லை. சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று ஒரு வாரம் பார்த்தேன், ஒன்றுகூட வரவில்லை. மெஷின் தப்பாகக் காட்டியிருக்குமா?

பதில்: எறும்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஐயா. இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலை (நம் மெஷின் காட்டும் அளவு) தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும். அதுவரை சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப இரத்தத்துக்கே இழுத்துக்கொள்ளும். ஆகவே 8, 9 என்று வருடக்கணக்கில் ஓடினாலும் எறும்பு வராது. ஆனால் அந்த 8, 9 அளவிலேயே கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்பு மூன்றும் கெட ஆரம்பித்துவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எம்பாகிளிஃப்லோசின், டாப்பாகிளிஃப்லோசின் என்ற மாத்திரைகளின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு எறும்பு மொய்த்தால், மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

மலேசியாவில் 2023ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 6 பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களும் அந்தக் கணக்கில் ஏராளம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்ற நினைப்பு எதையும் உறுதி செய்யாது.

விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் கொஞ்சம் முன்பின் காட்டலாம். அதற்காக 6 இருக்கிற இடத்தில் 9.2 என்று காட்டுவது அபூர்வம். இருந்தாலும் அதை மட்டும் நம்பி யாரும் உங்களுக்கு நோய் என்று எழுதிவிட மாட்டார்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பதிந்துகொண்டு, நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம், காலைக் காப்பியும் வேண்டாம். 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் மலேசியா வைத்திருக்கும் எல்லை 6.3 விழுக்காடு. உங்களைப் போல அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு நாள் மறுபடியும் சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். இந்த வாரமே போய்விடுங்கள்.

கேள்வி: என் கணவர் பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறார். விடியற்காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போது இரண்டு வகை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வெறும் கறுப்புக் காப்பியோடு போய்விடுவார். 9 மணி வாக்கில் வேர்த்துக் கொட்டுகிறதாம், கை நடுங்குகிறதாம், கூட வேலை செய்கிறவர்கள் மீது எரிந்து விழுகிறாராம். சர்க்கரை ஏறிவிட்டது என்று பாகற்காய்ச் சாறு அடித்து போத்தலில் கொடுத்தனுப்புகிறேன். சரிதானே?

பதில்: அம்மா, அந்தச் சாற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது சர்க்கரை ஏறியதன் அறிகுறி இல்லை, இறங்கிப்போனதன் அறிகுறி. வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் எல்லாம் சர்க்கரை 4க்குக் கீழே போகும்போது வருபவை. வெளிக்காட்டில் வேர்வை எல்லாருக்கும் வருவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மரத்தடியில் நிழலில் நிற்கும்போதும் சில்லென்று வேர்த்தால் அது வெயிலின் வேர்வை இல்லை.

காரணம் அந்த இரண்டு மாத்திரையில் ஒன்றாக இருக்க வேண்டும். கிளினிக்கில் அதிகம் கொடுப்பவை மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும். மெட்ஃபோர்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியில்லை. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். வெறும் வயிற்றோடு நிரை நிரையாக நடந்து மரம் வெட்டினால் சர்க்கரை சரிந்துவிடும். மாத்திரை உறையில் பெயர் இருக்கும், பாருங்கள். கிளிக்லசைட் என்றால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். அந்த வேளை சாப்பாடு இல்லை என்றால் அந்த வேளை கிளிக்லசைட்டும் இல்லை. 5 மணிக்கு அவருக்குச் சாப்பிடவே முடியாது என்றால் இதை கிளினிக்கில் சொல்லுங்கள். மாத்திரையை 10 மணிச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்து கொடுக்கலாமா என்று அவர்கள் பார்ப்பார்கள். தோட்டத்து வேலை நேரம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

மறுபடி அப்படி வந்தால் செய்ய வேண்டியது இது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். 3 தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், அது 15 கிராம் சர்க்கரை. சீனி போட்ட சாதாரண கேஸ் பானம் 150 மில்லியும் சரி. சீனியில்லாத பானம் எதற்கும் உதவாது. சாக்லெட்டும் பிஸ்கட்டும் இந்த நேரத்துக்கு வேண்டாம், அவற்றில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்தும் நடுக்கம் நிற்கவில்லை, அல்லது மெஷினில் இன்னும் 4க்குக் கீழே காட்டுகிறது என்றால் இன்னொரு தடவை அதே அளவு குடிக்க வேண்டும். தெளிந்த பிறகு ரொட்டியோ சோறோ கட்டாயம் சாப்பிட வேண்டும். கிளிக்லசைட் மணிக்கணக்கில் உடம்பில் நிற்பதால், சாப்பிடாமல் விட்டால் மதியத்துக்குள் மறுபடி இறங்கும். சாப்பிட்டு நன்றாகத் தெளியும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. அளந்த சீனியை சிறிய பிளாஸ்டிக் பையில் கட்டி எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். பக்கத்து நிரையில் வெட்டுகிறவருக்கும் மண்டோருக்கும் (மேற்பார்வையாளருக்கும்) விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சம்சு, கள், பீர் எதுவானாலும், வெறும் வயிற்றில் குடித்தால் ஈரல் சர்க்கரையை வெளியே விடுவதை அது தடுத்துவிடும். கிளிக்லசைட்டோ இன்சுலினோ எடுக்கிறவர் குடித்துவிட்டுக் குழறினால், போதை என்று படுக்க வைத்துவிட்டுப் போகிறார்கள். சர்க்கரையைக் குத்திப் பார்க்காமல் யாரையும் அப்படி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மெட்ஃபோர்மின் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் சொல்கிறார்கள். எதிர்வீட்டு அண்ணன் 10 வருடம் மருந்து சாப்பிட்டார், இப்போது டயாலிசிஸ் போகிறார். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறேன்.

பதில்: மருந்து சாப்பிட்டவருக்குக் கிட்னி போனது, அதனால் மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் கூடவே இருக்கும் இரத்த அழுத்தமும். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவால் வந்தவர்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். கிட்னி பலவீனமானால் மருத்துவர் மெட்ஃபோர்மினைக் குறைப்பார். கிட்னி வடிகட்டும் திறன் 45க்குக் கீழே போனால் அளவு குறையும், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். கெட்டுப்போன கிட்னியால் மெட்ஃபோர்மினை வெளியேற்ற முடியாது, அது உடம்பில் தேங்கிவிடும் என்பதால்தான். நிறுத்தியதைப் பார்த்தவர்கள், அதுதான் கெடுத்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மெட்ஃபோர்மினுக்கு உண்மையான பக்கவிளைவுகள் வேறு. ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரும். சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த உடனோ போட்டால் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, கேளுங்கள். அந்த வகையின் கூடு மலத்தில் முழு மாத்திரை போலவே வெளியே வரலாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, கூடு மட்டும்தான் வருகிறது, பயப்பட வேண்டாம். வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரமரப்பு கூடினால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கிட்னிக்கு ஆகாதது என்று எதையாவது விலக்க நினைத்தால், மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் வாங்கி வாரக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை விலக்குங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் அல்புமின் (ஒருவகைப் புரதம்), இரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கிட்னி கெடுவது வலியோ வீக்கமோ இல்லாமல் தொடங்கும். அல்புமின்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மிக முக்கியமாக ஒன்று: பல வருடம் சர்க்கரை ஏறி இருந்தவருக்கு, சாப்பாடும் மருந்தும் மாறாமல், தானாகவே குறைந்துகொண்டு வந்தால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். கிட்னி செயலிழக்கும்போது இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், அதனாலும் சர்க்கரை இறங்கும். உடனே போய் கிரியேட்டினின் பாருங்கள். உங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கணக்கையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்.

கேள்வி: சோற்றை அடியோடு விட்டுவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் இரண்டு ரொட்டி சானாய், இராத்திரி நாலு சப்பாத்தி. சீனிக்குப் பதில் கருப்பட்டி. ஒட்டுக்கடையில் தே தாரிக் 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்றுதான் சொல்கிறேன். அப்படியும் எச்பிஏ1சி 9.4. எதில் தப்பு?

பதில்: விடாமுயற்சியோடுதான் இருக்கிறீர்கள், அம்மா. ஆனால் சோற்றின் இடத்தில் வந்தவை எல்லாம் அதே மாவுச்சத்து. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு ரொட்டி சானாயில் 45 கிராம் வரை இருக்கும், மேலே மார்ஜரினும் எண்ணெயும் வேறு. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் 20 கிராம் என்று வைத்தாலும் நாலில் 80. அளவாக ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டிருந்தால் 45 கிராமோடு முடிந்திருக்கும்.

கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு, நல்ல தானியம்தான். ஆனால் மாவுச்சத்தின் அளவில் அதற்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மாவாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சிக் குடிக்கும்போது மெல்ல வேண்டிய வேலையும் இல்லை, வயிற்றில் தங்கும் நேரமும் குறைவு, சர்க்கரை சரசரவென்று ஏறும். கேழ்வரகு வேண்டுமானால் களியாகவோ தோசையாகவோ, அளவாக, முட்டையோ பருப்போ கீரையோ சேர்த்துச் சாப்பிடுங்கள்.

கருப்பட்டி, கூலா மெலாக்கா, தேன் எல்லாம் சர்க்கரைதான். நிறமும் மணமும் வேறு. கருப்பட்டியில் இருக்கும் இரும்புச்சத்துக்காக அதைச் சாப்பிடுவதைவிட ஒரு கைப்பிடி கீரை மேல்.

தே தாரிக்கில் இனிப்பு வருவது டின் பாலிலிருந்து. அந்தப் பாலில் பாதிக்கு அருகே சர்க்கரைதான். 'கூராங் மானிஸ்' என்றால் கடைக்காரர் பாலைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுவார், அவ்வளவுதான், எவ்வளவு குறைத்தார் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள், பாலும் இல்லை சீனியும் இல்லை. பால் இல்லாமல் இறங்காது என்றால் 'தே சி கோசோங்', அதில் இனிப்பில்லாத ஆவிப்பால் ஊற்றுவார்கள். நாளைக்கு மூன்று கிளாஸ் குடிக்கிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே எச்பிஏ1சியில் தெரியும்.

தட்டுக்கு சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' கணக்கு நம் சாப்பாட்டுக்கும் பொருந்தும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் சோற்றுக் கணக்கில்தான் வரும், காய்கறிக் கணக்கில் வராது. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறுவது குறையும். பழத்தை விட வேண்டாம். கொய்யா, பப்பாளி ஒரு துண்டு, ஒரு சிறிய வாழைப்பழம் என்று ஒரு வேளைக்கு ஒன்று. சாறாகப் பிழியாதீர்கள். டுரியான் காலத்தில் ஆசைக்கு இரண்டு சுளை சாப்பிட்டால், அந்த வேளை சோற்றைக் குறைத்துவிடுங்கள். 100 கிராம் டுரியானிலும் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, சோற்றின் அளவுதான்.

உங்கள் உடம்புக்கு எது எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துகொள்ள, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். 8.5க்குள் இருந்தால் அந்த அளவு உங்களுக்குச் சரி. தாண்டினால் அடுத்த நாள் அதே சாப்பாட்டில் மாவை மட்டும் குறைத்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: கிளினிக் தவணைக்கு முன் இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டுப் போனால் போதாதா?

பதில்: போதாது. இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி அளக்கிறது. இரண்டு நாள் பட்டினியால் விரலில் குத்தும் அளவு இறங்கலாம், எச்பிஏ1சி அசையாது. மாத்திரையையும் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் பஸ்ஸிலேயே சர்க்கரை இறங்கி மயங்கலாம். தலசீமியாவோ (பரம்பரை இரத்த நோய்) இரத்தச் சோகையோ உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை சரியாகக் காட்டாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கசப்பு இனிப்பை முறிக்கும் என்பார்கள். வேனில் வந்து விற்ற மூலிகைப் பொடியை என் மாமியார் வாங்கினார். மூன்றே நாளில் சர்க்கரை 14லிருந்து 6க்கு வந்துவிட்டது. இனிப்பு நீரை வேரோடு அறுத்துவிடும் என்கிறார்கள். கிளினிக் மருந்தை நிறுத்தலாமா?

பதில்: மூன்று நாளில் 14லிருந்து 6க்கு இறங்கியதுதான் எங்களுக்குக் கவலை தருகிறது. எந்த இலையும் வேரும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கும் பொடிகளில் கிளிபென்கிளமைட் போன்ற ஆங்கில நீரிழிவு மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிளினிக் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால், வயதானவருக்கு நடுராத்திரியில் சர்க்கரை 2க்கு இறங்கி, காலையில் எழுப்பினால் எழாமல் போகலாம். மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பதும் உண்டு. அது சர்க்கரையை ஏற்றிவிடும்.

போத்தலில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பொடியை நிறுத்துங்கள், குப்பையில் போடாமல் கிளினிக் மருந்தகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். பதிவு எண் இருந்தாலும் அது நோயைத் தீர்க்கும் என்று பொருளில்லை. பாகற்காயையும் வெந்தயத்தையும் குழம்பில் சாப்பிடுவதில் தடையில்லை. மருந்துக்குப் பதிலாக நிற்கும் அளவுக்குப் பாகற்காய்க்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சாறாகத் தினமும் குடிக்க வேண்டாம், மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடலாம். மேலே பால்மரத் தொழிலாளரின் மனைவியிடம் சாற்றை நிறுத்தச் சொன்னதும் அதனால்தான்.

வேரோடு அறுப்பதற்கு மிக அருகில் வருவது உடல் எடையைக் குறைப்பதுதான். 2017ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நோய் வந்து 6 வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களை மருத்துவக் கண்காணிப்பில் எடை குறைக்க வைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமலே சர்க்கரை எல்லைக்குள் இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு. எடை திரும்பினால் நோயும் திரும்பும், ஆகவே வருடாந்திரச் சோதனை நிற்காது. இதற்கும் மருந்தைத் தானாக நிறுத்துவதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். "இன்சுலின் போட்டவன் எல்லாம் கால் போய், கண் போய்ச் செத்தான், ஆரம்பித்தால் விட முடியாது" என்று மறுக்கிறார். எங்கள் வீடு தகரக் கூரை லயம் (தோட்டத்து வரிசை வீடு), மருந்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

பதில்: கண்ணும் காலும் போனது இன்சுலினால் இல்லை, இன்சுலின் மிகவும் தாமதமாக வந்ததால். வருடக்கணக்கில் 12, 15 என்று ஓடிய பிறகு, எல்லாம் கெட்ட நிலையில் ஊசிக்குச் சம்மதித்தவர்களை உங்கள் அப்பா பார்த்திருக்கிறார். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போகும். நோய் கண்டுபிடிக்கும் நேரத்திலேயே பாதித் திறன் போயிருக்கும் என்று 1998ல் முடிவுகளை வெளியிட்ட பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வு காட்டியது. சுரப்பது போதாதபோது வெளியிலிருந்து கொடுக்கிறோம். அது போதைப்பொருள் இல்லை, அடிமையாக்காது. அறுவைச் சிகிச்சைக்காகவோ கடும் காய்ச்சலிலோ தொடங்கியவர்கள் பிறகு மாத்திரைக்குத் திரும்பியதும் உண்டு.

திறக்காத இன்சுலின் குளிர்பெட்டியின் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டும் பெட்டியிலோ அதன் சுவரில் உரசும்படியோ வைக்காதீர்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் வீண்தான். திறந்த இன்சுலின் பேனா (ஊசி மாட்டி மருந்து போடும் குழாய்) 30 டிகிரிக்குள் 4 வாரம் தாங்கும். சில வகைக்கு 6 வாரம், பெட்டியில் போட்டிருக்கும். திறந்த தேதியைப் பேனாவில் எழுதி ஒட்டுங்கள். தகரக் கூரை வீட்டில் மதியம் 30 டிகிரி சுலபமாகத் தாண்டும், அதனால் கூரைக்கு அருகே உள்ள தட்டிலோ அடுப்படியிலோ வைக்காமல், வெயில் படாத அறையில் தரைக்கு அருகில் வையுங்கள். மோட்டார் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் ஒருநாளும் வேண்டாம்.

போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் வகை இன்சுலினை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் 10 தடவை உருட்டி, 10 தடவை மேலும் கீழுமாகச் சாய்த்து, சீராகப் பால் நிறமாகும்வரை கலக்க வேண்டும். உலுக்கக் கூடாது. புது ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்து, நுனியை மேலே காட்டி அழுத்தினால் ஒரு துளி வர வேண்டும். வராவிட்டால் மறுபடி. பிறகு அளவைத் திருப்பி, வயிற்றில் தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளிக் குத்தி, அழுத்தி முடித்ததும் 10 எண்ணிவிட்டு எடுங்கள். சீக்கிரம் இழுத்தால் மருந்து தோலில் வழிந்துவிடும். 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பொதுவாகத் தோலைக் கிள்ள வேண்டியதில்லை. தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்பு கட்டியாகும். கட்டியில் குத்தினால் வலிக்காது, அதனாலேயே பலர் அந்த இடத்தைத் தேடிப் போகிறார்கள். ஆனால் அங்கே மருந்து ஒருநாள் உறிஞ்சும், ஒருநாள் உறிஞ்சாது. கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம், அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு மாறுங்கள். பயன்படுத்திய ஊசியைப் பேனாவிலேயே விடாதீர்கள், காற்று புகும். துணி சோப்பு நீர் வந்த கெட்டியான போத்தலில் சேர்த்து, நிறைந்ததும் கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள்.

கேள்வி: 12 வருடமாக இனிப்பு நீர். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு வெறுங்காலில் பால்குடம் எடுக்கிறேன், எங்கள் மாரியம்மன் கோயிலில் தீமிதியும் உண்டு. அம்மாள் அருளால் போன வருடம் சூடே தெரியவில்லை. காலில் மட்டும் பிறகு கொப்புளம் வந்தது. பாதம் வலிக்கவில்லை என்றால் நல்லதுதானே?

பதில்: உங்கள் பக்தியை நாங்கள் மதிக்கிறோம். அதனாலேயே மறைக்காமல் எழுதுகிறோம், அம்மா. சூடு தெரியாமல் கொப்புளம் மட்டும் வந்தது என்றால், உங்கள் பாதத்தில் உணர்ச்சி நரம்பு செத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். வலிதான் பாதத்தைக் காப்பாற்றுகிறது. வலி தெரியாதவர் ஆணி குத்திய செருப்போடு நாள் முழுக்க நடப்பார். நண்பகலில் கோயில் சிமெண்டுத் தரையில் நின்றே பாதம் வெந்துபோகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தம் சுட்டுவிரல் நுனியால், அழுத்தாமல், தட்டாமல், ஒரு நொடி உங்கள் கால்விரல் நுனிகளைத் தொடட்டும். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், மொத்தம் 6 இடம். தொட்டது தெரிந்ததும் சொல்லுங்கள். 2 அல்லது அதற்கு மேற்பட்ட இடத்தில் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உறுதி செய்வார்கள்.

உணர்ச்சி குறைந்தவர் தீ மிதிக்கக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்ற முடியுமா என்று கோயில் குருக்களிடம் பேசுங்கள். பால்குடத்துக்கு விடியற்காலையிலேயே புறப்படுங்கள், தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு: பூட்ஸ் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், செம்பனை முள்ளோ கல்லோ விழும். ஈரக் காலுறையோடு நாள் முழுக்க நிற்காதீர்கள். ஆணிக்காலை பிளேடால் சீவாதீர்கள். சுடுதண்ணீரில் கால் ஊற வைக்காதீர்கள். புண் வந்தால் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாமல் சுத்தத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துணி சுற்றி, அந்தக் காலை ஊன்றாமல் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். இனிப்பு நீர்க்காரனுக்குப் புண் ஆறாது என்பது உண்மையில்லை. சீக்கிரம் காட்டி, மேலே எடை போடாமல் வைத்தால் பெரும்பாலான புண்கள் ஆறும். சிவப்பு பரவினால், வீங்கினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: மருந்து ஆரம்பித்த பிறகு கண் மங்கலாகிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? கண்ணாடி மாற்றட்டுமா?

பதில்: சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண்ணில் உள்ள லென்ஸின் நீரளவு மாறும், அதனால் மங்கும். சில வாரத்தில் சரியாகும். சர்க்கரை ஏறக்குறைய 6 வாரம் நிலையாக நின்ற பிறகே கண்ணாடி எடுங்கள், இல்லாவிட்டால் காசு வீண். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் படம் எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். கண் நன்றாகத் தெரியும்போதே உள்ளே இரத்தக்கசிவு தொடங்கியிருக்கலாம். கரும்புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ திரை விழுந்தது போல் மறைத்தாலோ அன்றே போக வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. முதல் வகை நீரிழிவு என்றார்கள். பாட்டி மிட்டாய் கொடுத்துக் கெடுத்ததால் வந்தது என்று வீட்டில் ஒரே சண்டை. கோயிலில் வேண்டிக்கொண்டு ஊசியை நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார்கள்.

பதில்: பாட்டி மேல் பழி போட வேண்டாம், அம்மா. முதல் வகையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் அணுக்களை அழித்துவிடுகிறது. மிட்டாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை, யாரும் செய்த தவறும் இல்லை. வேண்டுதல் இருக்கட்டும், ஊசி ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. இவனுடைய உடம்பில் இன்சுலின் அநேகமாக இல்லை. நிறுத்தினால் ஓரிரு நாளில் இரத்தம் அமிலமாகும், வாந்தி, வயிற்றுவலி, பழ வாசனை மூச்சு, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குதல் வரும். உடனே அவசரப் பிரிவுக்குப் போகாவிட்டால் உயிர் போகும். காய்ச்சலில் சாப்பிட முடியாத நாளிலும் அடிப்படை இன்சுலின் வேண்டும், அளவை ஆஸ்பத்திரியில் தொலைபேசியில் கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லி, பையில் குளுக்கோஸ் மாத்திரை வையுங்கள். மற்றப் பெற்றோருக்கும் ஒன்று: நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மெலிந்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, படுக்கையை நனைக்க ஆரம்பித்தால் அன்றே விரலில் குத்திப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டு வீடியோக்களில் 140 தாண்டக் கூடாது என்கிறார்கள். என் மெஷினில் 11தான் காட்டுகிறது. ரொம்பக் குறைவு இல்லையா? சில நாள் அதே காலையில் இரண்டு விரலில் இரண்டு விதமாகவும் வருகிறது.

பதில்: அவர்கள் அளவு மில்லிகிராம், நம்முடையது மில்லிமோல். நம்முடையதை 18ஆல் பெருக்குங்கள். உங்கள் 11 அவர்கள் கணக்கில் 198, குறைவில்லை, அதிகம். 7 என்பது 126. இந்தக் குழப்பத்தில் மருந்தைக் குறைத்திருந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

இரண்டு விரலில் கொஞ்சம் வித்தியாசம் வருவது இயல்பு. பெரிதாக வந்தால் கையைக் கவனியுங்கள். பழம் வெட்டிய விரலில் ஒட்டிய சாறு இரண்டு மடங்குகூடக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்துக் குறைவாகக் காட்டும். பிதுக்கிப் பிழிய வேண்டாம். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், நம் ஊர்க் காற்றின் ஈரம் அதைக் கெடுத்துவிடும். காலாவதித் தேதியும் பாருங்கள். எழுதி வைத்த அளவுகளையும் மெஷினையும் அடுத்த தவணைக்குக் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே எடுக்கும் இரத்தத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள்.